கிரேனுக்கு மேலே வந்த மேகம்

தன் கணவனின் தலைக்கு மேலே இடியோடு வருகிற ஒரு மேகத்தை ஒருத்தி ஆசையாகப் பார்க்கலாமா? இந்தக் கேள்வி அந்தத் தெருவில் பல வருடம் உலவியது. சிலர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை. இதை எழுதுகிற கைக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

அவளைத் தெருவே 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், வராந்தா முடிகிற இடத்தில், கனமான கதவு போட்ட அறையில் அவளுக்கு வேலை. கதிர் வெளியே போகக் கூடாது என்று அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. காலை ஏழரைக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். அதுவரை வெயிலா மழையா என்று தெரிந்துகொள்ள, வரிசையில் நிற்பவர்களின் செருப்பைத்தான் பார்க்க வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் மழை. வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் வர ஆரம்பித்தால் நல்ல மழை.

"மூச்ச இழுங்க. அப்படியே புடிங்க. ஆடாதீங்க. ம், விடுங்க." ஒரு நாளைக்கு எண்பது தடவை இதைச் சொல்வாள்.

"தூக்கத்துலயும் இதையே சொல்றா," என்று அவள் கணவன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். "இழுங்க, புடிங்கன்னு சொன்னா. நானும் பயந்துபோய்ப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். விடுங்கன்னு சொல்றதுக்குள்ள குறட்டை விட்டுட்டா."

மேகப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு சாயங்காலத்தில். அன்று கூடுதல் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் ஒதுங்கி நின்றபோது, எதிர்ப்பக்க வானத்தில் ஒரு மின்னல் மேலிருந்து கீழ்வரை கிளைவிட்டு இறங்கியது. யாரோ வானத்துக்கு எக்ஸ்ரே எடுத்ததைப் போல இருந்தது அவளுக்கு. கைபேசியை எடுத்து முப்பது தடவை அமுக்கினாள். ஒன்றிலும் மின்னல் இல்லை, வெறும் இருட்டு. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மின்னலைப் பார்த்துவிட்டு அமுக்கினால் அது போய்விட்டிருக்கும். வருவதற்கு முன்பே கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்தால் வரட்டும், வராவிட்டால் மறுபடியும் திறந்து வைக்க வேண்டும்.

கூட வேலை பார்க்கிற நர்ஸின் தம்பியிடமிருந்து ஒரு பழைய கேமரா கைமாறி வந்தது. ஸ்டாண்டு இல்லை. மாமியாரின் இஸ்திரி மேஜையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மின்னலில் தொடங்கியது, பிறகு சுழல்காற்று, ஆலங்கட்டி மழை, கூம்பு மாதிரி எழும்பும் இடிமேகம் என்று வளர்ந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் புகைந்துகொண்டிருக்கும் எரிமலையைக் கைபேசியில் பார்ப்பாள். இருபத்துநான்கு மணி நேரமும் அந்த மலையைக் காட்டிக்கொண்டே இருக்கிற ஒரு கேமரா அது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு புகை நூல் எழும்பும், அவ்வளவுதான். எப்போதாவது சிவப்பாக ஒரு துளி சரிவில் உருளும். அன்றைக்கு அவள் சாப்பாடு ஆறிப்போகும்.

"அந்த மலை இன்னைக்கு என்ன பண்ணுச்சு?" என்று கணவன் கேட்பான்.

"சும்மா இருந்துச்சு."

"உன்னைப் பார்த்தா எல்லாரும் சும்மாதான் இருப்போம்."

மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லிக்காட்டாமல் இருக்கவும் முடியாது. "மழை இருட்டிக்கிட்டு வந்தா ஊர்ல இருக்கற பொம்பளைங்க காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு ஓடுவாங்க. எங்க வீட்டு மகாராணி துணியை நனையவிட்டுட்டு மேகத்தைப் படம் புடிக்கறா," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். சொல்லிவிட்டு, முட்டிவலியோடு படியேறிப் போய்த் துணியை அவளே எடுத்து வருவாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கணவனுக்குக் கிரேனில் வேலை. உயரமான கட்டிடம் கட்டும் இடங்களில் ஒற்றைக் கம்பமாக நின்று, நீண்ட இரும்புக் கையைச் சுழற்றுமே, அந்தக் கிரேன். கம்பத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு தண்ணீர் பாட்டில். ஏணியில் ஏறக் கால் மணி நேரம், இறங்கப் பத்து நிமிடம். அவ்வளவு உயரத்தில் இருப்பவனுக்கு வானம் முழுக்கத் தெரியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். தெரியாது. அவன் கண் எப்போதும் காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாகக் கொக்கியில்தான் இருக்க வேண்டும். கொக்கியை விட்டுக் கண் விலகினால் கீழே ஒருவன் தலை போகும்.

புதுக் கட்டிட வேலை அவர்கள் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஆரம்பித்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிரேன் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அவள் எடுத்த படங்களில் எல்லாம் ஓர் ஓரத்தில் அதுவும் வந்து நின்றது.

"நீ வரணும் வரணும்னு வேண்டிக்கிற மழையெல்லாம் நேரா என் தலையிலதான் விழுது," என்றான் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அதன்பிறகு இருவருமாக உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மின்னலைப் பார்த்தபின் முப்பது எண்ணுவதற்குள் இடிச்சத்தம் கேட்டால், அவள் மாடியை விட்டு இறங்கிப் படிக்கட்டுக் கதவுக்கு உள்ளே வந்துவிட வேண்டும். இது அவன் போட்டது. மேற்கே சந்தேகமான மேகத்தைப் பார்த்த அந்த நிமிடமே கட்டிடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். இது அவள் போட்டது. கிரேன் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால், கீழே நின்று எங்கே தூக்க, எங்கே இறக்க என்று வாக்கிடாக்கியில் அவனுக்குச் சொல்கிறவருக்குத்தான் போன் போகும். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவரை எல்லோரும் 'விசில் அண்ணன்' என்பார்கள்.

"அண்ணே, இருபது நிமிஷத்துல வந்துடும்."

"பெருசா தங்கச்சி?"

"பெருசுதான்."

"சரி, உன் வீட்டுக்காரனை இறக்கிடறேன்."

பத்துக்கு எட்டுத் தடவை அவள் சொன்னபடி நடந்தது. மீதி இரண்டு தடவை மேகம் பாதி வழியில் கலைந்துபோகும், கான்கிரீட்டை நிறுத்திவைத்த மேஸ்திரி கண்டபடி கத்துவார். "மேகத்துகிட்ட சொல்லுங்க மேஸ்திரி, தங்கச்சியை ஏன் திட்டறீங்க," என்பார் விசில் அண்ணன்.

கிரேனில் காற்றின் வேகத்தை அளக்கும் மீட்டர் அலறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவன் அவளுக்குச் சொல்லியிருந்தான். வேலையை நிறுத்த வேண்டும். கொக்கியை மேலே தூக்கிக் கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். இரும்புக் கையைச் சுழலாமல் பிடிக்கும் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

"பிரேக்கை விட்டா கிரேன் தானா சுத்தாதா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"சுத்தணும். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போகவிடணும். இறுக்கிப் புடிச்சு வச்சாதான் ஆபத்து, அடியோட சாஞ்சிடும். பிரேக்கை விட்டுட்டு உடனே இறங்கிடணும். காத்து வந்துட்டா அப்புறம் ஏணியில கால் வைக்கக் கூடாது. மேலயே கெடக்க வேண்டியதுதான்."

அந்த நாள் அவளுக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, நாலு மணிக்குக் கண் விழித்தவளுக்கு, ஜன்னல் வழியே விழுந்த வெளிச்சம் ஏதோ சரியில்லாமல் பட்டது. வெயிலும் இல்லை, மழை வெளிச்சமும் இல்லை. பழைய பாட்டிலின் கண்ணாடி மாதிரி ஒரு பச்சை. கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மேற்கே வானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மேகம். பெரிய பாயை யாரோ சுருட்டி, தரைக்கு மேலே தொங்கவிட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. அடுக்கு அடுக்காகக் கரும்பச்சை. விளிம்பு மட்டும் வெள்ளை. அதற்குக் கீழே உள்ள வெளியில் பறவைகூட இல்லை. சத்தமும் இல்லை. அவள் எத்தனையோ பேர் எடுத்த படங்களில் இதைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். நேரில் வரும் என்று நினைத்ததே இல்லை.

எடுத்தாள். நகர்ந்து நின்று எடுத்தாள். முழங்கால் போட்டு எடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தாள், விடச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

திடீரென்று கொடிக்கயிற்றில் தொங்கிய துணியெல்லாம் ஒரே பக்கமாக எழும்பின. இஸ்திரி மேஜை கவிழ்ந்தது. அப்போதுதான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே கிரேனின் இரும்புக் கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த உச்சிக் கண்ணாடி அறையில் ஆள் இருந்தான்.

போன் பண்ணவில்லை.

படிக்கட்டுக் கதவுக்குள் வந்து விசில் அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அவரு?"

அந்தப் பக்கம் காற்று போனுக்குள் ஊதியது. "மேலதான் இருக்கான் தங்கச்சி. இனிமே இறங்க முடியாது, அங்கயே இருக்கச் சொல்லிட்டேன். ஒண்ணும் ஆகாது. வை." வைத்துவிட்டார்.

மழை ஒரு சுவர் மாதிரி வந்து நின்றது. கிரேன் மறைந்தது. மாமியார் கையில் கிடைத்த துணிகளோடு படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

"நான் போன் பண்ணல அத்தை," என்றாள் அவள். "பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். மறந்தே போச்சு."

மாமியார் துணி மூட்டையில் தேடி, நனையாத துண்டு ஒன்றை எடுத்தாள். "தலையைத் துவட்டு," என்றாள். பிறகு தானே துவட்டிவிட்டாள்.

அவன் ஆறரைக்கு வந்தான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். "கப்பல்ல போன மாதிரி இருந்துச்சு," என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டான், படுத்தான். அவள் அவன் முழங்கைக்கு மருந்து போட்டாள், தேவைக்கு மேலேயே போட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கேமராவைப் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் அந்த எரிமலையைக்கூடத் திறக்கவில்லை.

ஒன்பது நாள் அப்படியே போனது. அவள் வேலை முடிந்து வந்ததும் மாடிக்குப் போவாள், வெறுங்கையோடு. கைக்குட்டை அளவு மேகம் வந்தாலும் போன் போட்டுவிடுவாள்.

"அண்ணே, மேற்கே கொஞ்சம் வெள்ளையா..."

"தங்கச்சி, அது எதிர்வீட்டுப் புகையா இருக்கப் போகுது. இன்னைக்கு இது நாலாவது தடவை."

அவனும் சரியில்லை. வழக்கமான கிண்டல் இல்லை. அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். தனக்குக் கோபம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். "ரெண்டும் பரீட்சையில தோத்துட்டு மார்க் ஷீட்டை ஒளிச்சு வச்ச பசங்க மாதிரி சுத்துதுங்க," என்று மாமியார் சமையலறையில் பாத்திரங்களிடம் சொன்னாள்.

பத்தாம் நாள் அவள் கேமராவை எடுத்தாள். அந்தப் படங்களை அழித்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தாள். நேரம் நாலு ஏழு. கடைசிப் படம் நாலு பதினெட்டு. பதினோரு நிமிடம். ஏணியில் இறங்கப் பத்து நிமிடம் போதும். அழிப்பதற்கு முன்னால், தண்டனை மாதிரி, கிரேன் இருக்கும் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மயிரிழை மாதிரி எலும்பில் ஓடும் விரிசலைத் தேடுவது அவள் தொழில். டாக்டர் விட்டதைக்கூட இரண்டு தடவை கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கண்ணுக்கு இப்போது ஏதோ உறுத்தியது. நாலு ஏழு படத்திலேயே கொக்கி மேலே தூக்கப்பட்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த படம். இரும்புக் கை கொஞ்சம் திரும்பியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அப்படியானால் பிரேக்கை விட்டாகிவிட்டது. வேலை நாலு ஏழுக்கே முடிந்துவிட்டது. பிரேக்கை விட்டவன் உடனே ஏணியில் இருக்க வேண்டும். ஏணியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். ஆள் இல்லை. கண்ணாடி அறையைப் பார்த்தாள். உள்ளே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பதினோரு நிமிடமும், எல்லாப் படத்திலும், மேற்கே பார்த்தபடி.

அவன் கூடத்தில் காலுறையை மடித்துக்கொண்டிருந்தான். கேமராவை அவன் மடியில் வைத்தாள்.

"இதுல இருக்கறது யாரு?"

குனிந்து பார்த்தான். காது இரண்டும் சிவந்தன. "ரொம்பப் பெருசாதான் எடுத்திருக்க," என்றான்.

"ஏன் இறங்கல?"

"வாக்கிடாக்கியில சார்ஜ் இல்ல."

"சார்ஜ் இல்லாமத்தான் விசில் அண்ணன் இருக்கச் சொன்னாரா?"

கையிலிருந்த காலுறையை மடித்து முடித்தான். பிறகு சொன்னான். "நாலு மணிக்கே அண்ணன் நிறுத்துன்னு சொல்லிட்டாரு. கொக்கியைத் தூக்கினேன், பிரேக்கை விட்டேன். கீழ பார்க்க வேலை இல்லையா, சும்மா தலையத் தூக்கினேன். பதினாலு வருஷமா அந்த உச்சியில உக்காந்திருக்கேன். வானத்தைப் பார்த்ததே இல்லைன்னு அப்பதான் தோணுச்சு. அது எனக்கு நேரா வந்துச்சு. அடுத்த வீட்டு மாடி மாதிரி, எட்டிக் கைவைக்கற தூரத்துல. உள்பக்கமெல்லாம் அரைச்ச மாவு பொங்கற மாதிரி சுருண்டு சுருண்டு... அண்ணன் மூணு தடவை கூப்பிட்டாரு. வரேன் வரேன்னு சொன்னேன். கால் வரல. இதைத்தான் இவ இத்தனை வருஷமாப் பார்த்திருக்காளான்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? முப்பது எண்ணச் சொல்லி உனக்குச் சட்டம் போட்டவன் நான். அண்ணன்கிட்டயும் வாயத் திறக்காதன்னு கெஞ்சி வச்சிருக்கேன்."

"நான் போன் பண்ணலைன்னு பத்து நாளாச் சாகறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ பண்ணலையா? அப்ப அண்ணன் தானாப் பார்த்துத்தான் நிறுத்தச் சொல்லியிருக்காரு."

"பண்ணல. இதை எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ பண்ணியிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அதைக் கேட்டதும் உண்மையான கோபம் வந்தது. மடியிலிருந்த காலுறையைப் பிடுங்கி அவன்மேல் எறிந்தாள், பிறகு இன்னொன்றையும். மூன்றாவதை எறியப் போனபோது அழுதுவிட்டாள். அவன் எழுந்து வந்து அவள் தலையைத் தன் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சட்டையில் கிரீஸ் வாசனை.

"ரொம்ப அழகா இருந்துச்சு இல்ல?" என்றாள், சட்டைக்குள்ளிருந்து.

"ரொம்ப."

"கீழேர்ந்து பார்த்ததைவிடவா?"

"அதை எப்படி நான் சொல்ல முடியும்? நீ கீழ பார்த்ததை எனக்குக் காட்டு."

அன்று இரண்டு பேரும் எல்லாப் படத்தையும் பார்த்தார்கள். இந்த மடிப்பு மேலிருந்து எப்படித் தெரிந்தது, அந்த வெள்ளை விளிம்பு பக்கத்தில் எப்படி இருந்தது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டேய், ஒண்ணு மேல நின்னு வேடிக்கை பார்க்குது, ஒண்ணு கீழ நின்னு வேடிக்கை பார்க்குது. நடுவுல நான் ஒருத்தி படியில உக்காந்து உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கும் காட்டுங்க அந்தப் படத்தை."

காட்டினார்கள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மகன் நின்ற கண்ணாடி அறையை விரலால் ஒரு தடவை தடவினாள். "துணியும் இதுல தெரியுதே," என்று மட்டும் சொன்னாள்.

பழைய ஏற்பாட்டுக்கு மேல் இப்போது ஒன்று கூடியது. அவன் கால் தரையில் பட்டுவிட்டது என்று விசில் அண்ணன் சொல்லும்வரை கேமரா பையைவிட்டு வெளியே வராது. இறங்கி வந்தவன், அவள் எடுத்து முடிக்கும்வரை குறை சொல்லக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி ஒரு மேகம் மேற்கே உருண்டு வந்தது. அவள் முதலில் போன் பண்ணினாள். பிறகு பையின் ஜிப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு மாடியில் நின்றாள். மேகம் அவள் கண்முன்னே விரிந்தது, நெருங்கியது, ஏழெட்டு நிமிடம் மிக நன்றாக இருந்தது, பிறகு மெல்லக் கலையவும் ஆரம்பித்தது. அவள் கிரேனின் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை ஒவ்வொரு படியாக இறங்கியது. பாதி மேகம் தலைக்கு மேலே கடந்துபோன பிறகுதான் போன் அடித்தது.

"வந்துட்டான் தங்கச்சி. நீ உன் வேலையைப் பாரு."

மிச்சமிருந்த வாலை எடுத்தாள். சுமாரான படம்தான். விளிம்பு இல்லை, பச்சை இல்லை. கொக்கி மேலே தூக்கியிருக்கிறது, கண்ணாடி அறை காலியாக இருக்கிறது. மாமியார் அதைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னாள்.

இருட்டிக்கொண்டு வரும்போது மாடிக்கு ஓடுகிற யாராவது ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ கட்டாயம் இருப்பார். அந்த மேகத்துக்கு அடியில் வெட்டவெளியில் வேலை செய்கிற யாராவது ஒருவரும் இருப்பார். இந்தக் கதையை அவர்கள் இருவரிடமும் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொல்ல வேண்டாம், முடிந்தால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.